எப்கஸ் வீட்டு நூற்றறுபது ஏக்கர்

இந்தக் காபி பரவாயில்லை, கேண்டஸ். கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கில் காலையில் போட்டதைச் சாயங்காலம் வரை சுடவைத்துச் சுடவைத்துக் கொடுப்பார்களே, அதைக் குடித்துப் பழகியவனுக்கு இது விருந்து. போலீஸ் காபி வாயில் வைக்க விளங்காது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

நேற்று வரைக்கும் என்னை வெர்லின் என்று கூப்பிட்டீர்கள். இன்றைக்கு "மிஸ்டர் ஹாப்ட்" என்கிறீர்கள். அது உங்கள் வேலை, நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. அந்த மெஷின் அது பாட்டுக்குப் பதிவு செய்யட்டும். வக்கீல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். வக்கீல் வந்தால் வாய்க்கு வாய் குறுக்கே பேசுவான். எனக்கு ஒரு விஷயத்தைச் சொன்னால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

முதலில் நிலம். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

என் வயல் ரோட்டுக்கு மேற்கே இருக்கிறது. ஓடையைத் தாண்டிக் கிழக்கேயும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் டுவேன் எப்கஸின் நூற்றறுபது ஏக்கர். விதைப்புக் காலத்தில் டிராக்டரை எடுத்துக்கொண்டு அவன் நிலத்தைச் சுற்றி ஊர் ரோடு வழியாகத்தான் நான் கிழக்கு வயலுக்குப் போக வேண்டும். இந்த மாவட்டத்திலேயே அதற்கு ஈடான மண் கிடையாது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, எவ்வளவு காய்ந்தாலும் சோளம் வாடாது. அப்படிப்பட்ட மண்ணை டுவேன் ஏனோதானோ என்றுதான் வைத்திருந்தான். வேலி ஓரமெல்லாம் களை. அவன் விதைக்கிற சால் ஒன்றுகூட நேராக இருக்காது. ஒவ்வொரு வசந்தத்திலும் என் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் கோணல் சால்களைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடிப்பேன். வயிறு எரியும்.

என் மனைவி ஜாய்ஸ் என்னை விட்டுவிட்டு ஓமஹாவுக்குப் போனபோது, பெட்டியைக் காரில் வைத்துவிட்டு ஒன்று கேட்டாள். "அந்த வயலைப் பாக்கற மாதிரி என்னை ஒரு நாளாச்சும் பாத்திருக்கியா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

டுவேன் கெட்டவன் இல்லை, அதையும் நான் சொல்லிவிட வேண்டும். சிறு வயதிலிருந்தே சிநேகிதம். என் மாடு வேலி தாண்டினால் அவன் ஓட்டிக்கொண்டு வந்து விடுவான். பனியில் அவன் வண்டி மாட்டிக்கொண்டால் நான் போய் இழுப்பேன். ஜாய்ஸ் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அவன் வீட்டில்தான். அவன் மனைவி ஆர்லீன் நல்ல சமையல்காரி. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், ஆனாலும் ஆப்பிள் பை சுட்டு வைக்காமல் விடமாட்டாள்.

போன ஜூலையில் சங்கத்துக் காபி மேஜையில் வைத்துத்தான் அவன் விஷயத்தைச் சொன்னான். தனியாக என்னிடம் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னான்.

"சிகாகோல பல் டாக்டருங்க நாலஞ்சு பேரு சேந்து நிலம் வாங்கறாங்களாம்டா. என் நூத்தறுபதுக்கு அவங்க குடுக்கறேன்னு சொல்ற விலையைக் கேட்டா உனக்கு இருக்கற பல்லும் கொட்டிடும்" என்றான்.

"அது நீ பயிர் பண்ற நிலம்டா" என்றேன்.

"ஆர்லீனுக்கு முட்டி ரெண்டும் போச்சு. பிள்ளைங்க அரிசோனாவுல. நாங்க ரெண்டு பேரும் போயிட்டா மறுநாளே அதுங்க வித்துடும். அதை நானே வித்துட்டு வெயில்ல போய்க் காலை நீட்டி உக்காந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இதோ கேக்கறேனே. அந்த விலைக்கு நீ வாங்கிக்கிறியா? இல்லல்ல? அப்புறம் ஏண்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கற. அறுவடை முடிஞ்சதும் ஏலம் விடப்போறேன். நீயும் வா, உக்காரு, கையைத் தூக்கு. யாரு வேணாங்கறா?"

மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிலத்தின் விலை ஏறுகிறது என்றால் பேப்பரில் அதை நல்ல செய்தி மாதிரி போடுகிறார்கள். யாருக்கு நல்ல செய்தி? விற்றுவிட்டுப் போகிறவனுக்கு மட்டும். இருந்து பயிர் செய்கிறவனுக்கு வரி ஏறும், குத்தகை ஏறும், பக்கத்து வயல் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஒரு ஏக்கர் என்ன விளைகிறதோ அதைக்கொண்டு அந்த ஏக்கரை ஒருவன் தன் ஆயுளுக்குள் வாங்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது விலையே இல்லை. பல் டாக்டருக்கு அந்த மண்ணின் நிறம்கூடத் தெரியாது. நான் டுவேனிடம் இதையெல்லாம் பொறுமையாக, இரண்டு மூன்று தடவை எடுத்துச் சொன்னேன். அவன் என் தோளில் தட்டி, "நீ பாதிரியாரா போயிருக்க வேண்டிய ஆளுடா" என்றான்.

அதன் பிறகுதான் நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவர்கள் இருவரும் போனால் பிள்ளைகள் விற்பார்கள் என்று அவனே சொன்னான். சரிதான். ஆனால் அவன் மட்டும் போனால் நிலம் ஆர்லீனுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவள் எடுத்த எடுப்பில் நிலத்தை விற்கமாட்டாள். அவசரப்பட்டாள் என்று ஊர் பேசும். யாருக்காவது குத்தகைக்கு விடுவாள். யாருக்கு விடுவாள்? கஷ்டகாலத்தில் பக்கத்தில் நின்றவனுக்கு விடுவாள். நாலைந்து வருஷம் கழித்து விற்கத் தோன்றினாலும் அவனிடம்தான் முதலில் கேட்பாள். இதில் தப்பான கணக்கு எதுவும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் சித்தி அப்படித்தானே செய்தார்கள்.

நான் எதையும் திட்டம் போடவில்லை. மழை வருமா என்று யோசிப்பது மாதிரி யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் டுவேன் பழைய சோளத்தைக் காலி செய்ய ஆரம்பித்தான். புது அறுவடைக்கு இடம் வேண்டுமே. அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய தகரத் தானியக் குதிர் உங்களுக்குத் தெரியும். அடியில் திருகுக் குழாய். மோட்டாரைப் போட்டால் அது நடுவிலிருந்து சோளத்தை இழுத்து வெளியே லாரிக்குள் தள்ளும். அவன் ஈரத்தோடு சோளத்தைக் கொட்டி வைத்திருந்தான். அது மேலே கட்டிதட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கொட்டும், நின்றுவிடும். நின்றால் ஒருவன் ஏணியில் ஏறி, மேலே உள்ள திறப்பு வழியாக உள்ளே இறங்கி, கம்பியால் குத்திக் கட்டியை உடைக்க வேண்டும். அப்போது மோட்டார் ஓடினால் ஆளையும் சோளத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துப் புதைத்துவிடும்.

அந்த வேலைக்கு எப்போதுமே இரண்டு பேர். அவன் குதிர் என்றால் அவன் உள்ளே போவான், நான் கீழே சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பேன். என் குதிர் என்றால் நான் உள்ளே, அவன் சுவிட்சில். உள்ளே போகிறவன் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தில் வருஷா வருஷம் வகுப்பு எடுக்கிறார்கள். பூட்டுகூட இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் போய் டோனட் தின்றுவிட்டு வருவார்கள். யாரும் பூட்டினதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது பூட்டுப் போடுவது அவன் மூஞ்சியில் துப்புகிற மாதிரி. டுவேனும் அப்படி ஒரு காரியத்தைச் செய்கிற ஆள் இல்லை.

அன்றைக்கு உங்கள் ஷெரீபிடம் நான் சொன்னது இதுதான். சோளம் வருவது நின்றது. நான் மோட்டாரை அணைத்தேன். டுவேன் மேலே ஏறி உள்ளே இறங்கினான். கட்டிக்கு அடியில் வெற்றிடம் இருந்திருக்கிறது. அவன் நின்ற இடம் உள்வாங்கிவிட்டது. மோட்டார் அதன் பிறகு ஓடவே இல்லை. நான் கத்தினேன், பதில் இல்லை, ஓடிப்போய் ஆர்லீனிடம் சொன்னேன். தீயணைப்புக்காரர்கள் வந்து தகரத்தை நாலு பக்கமும் வெட்டிச் சோளத்தைக் கொட்டி அவனை எடுத்தார்கள். ஷெரீபுக்கு என் பேச்சில் சந்தேகம் எதுவும் வரவில்லை. என் தோளில் கை வைத்து, "போய்ப் படு வெர்லின்" என்றார்.

அக்டோபரில் டுவேனின் பயிர் வயலில் நின்றது. இங்கேதான் நான் கொஞ்சம் பெருமையாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அவரவருக்கு அவரவர் அறுவடை தலைக்கு மேல் இருந்த நேரம். நான் வீடு வீடாகப் போன் செய்தேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் ரோடு நெடுக அறுவடை மிஷின்கள் வரிசையாக வந்து நின்றன. ஓரின் பாக்கிக்கு எண்பது வயது, காது சரியாகக் கேட்காது, அவரும் தன் பழைய மிஷினை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். லூத்தரன் சர்ச்சுப் பெண்கள் ஹாம் சாண்ட்விச்சும் கேக்குமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். யார் எந்தப் பக்கம் ஆரம்பிப்பது, எந்த லாரி எங்கே நிற்பது என்று எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். வயலின் நடுப்பகுதியை மட்டும் நானே அறுத்தேன். அந்த மண்மேல் என் மிஷின் ஏறியது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. பார்த்தவர்கள் டுவேனுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆர்லீன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன், வெர்லின்" என்றாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க எதுக்கு இருக்கோம்" என்றேன்.

அதற்கப்புறம் தினமும் போவேன். பனியைத் தள்ளிக் கொடுப்பேன். மருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பேன். அவள் ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். எப்போதும் அதே விஷயத்தைத்தான் கேட்பாள். "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா? மோட்டார் ஓடலையே? நிச்சயமா ஓடலையே?" நான் அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்வேன். ஓடலை ஆர்லீன். ஒண்ணும் சொல்லலை. வலியே தெரிஞ்சிருக்காது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதுதான் நல்லது.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம், "அந்தக் குதிர் மோட்டாரை விக்கலாம்னு இருக்கேன்" என்றாள். "வாங்க வர்றவங்க ஓடுதான்னு கேப்பாங்க. கொஞ்சம் போட்டுப் பாக்கறீங்களா?"

போய்ப் போட்டேன். ஓடியது. அணைத்தேன். அவள் சமையலறைக் கதவை லேசாகத் திறந்து, "இன்னொரு தடவை போடுங்க வெர்லின்" என்று குரல் கொடுத்தாள். இன்னொரு தடவை போட்டேன். வெளியே வந்து பார்க்கவில்லை, உள்ளேயே இருந்தாள். முட்டிவலி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் நான் போனபோது, அடுத்த மாதம் நிலத்தை ஏலம் விடப்போவதாகச் சொன்னாள். ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்றேன். "பிள்ளைங்க நச்சரிக்கறாங்க" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "ஆனா டுவேன் நினைச்ச மாதிரி இல்ல. போன்ல கேக்கறது, கம்ப்யூட்டர்ல கேக்கறது எதுவும் கிடையாது. சிகாகோக்காரங்களுக்கு நான் சொல்லவே போறதில்ல. நேர்ல வர்றவங்க மட்டும்தான். நம்ம ஆளுங்க மட்டும்" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளூர் ஏலத்தில், அந்த நிலத்தில் யாருக்கு உரிமைப்பட்ட ஆசை இருக்கிறதோ அவனை எதிர்த்து யாரும் கேட்கமாட்டார்கள். குத்தகைக்காரனாக இருக்கலாம், ஒட்டிய வயல்காரனாக இருக்கலாம், செத்தவனின் தம்பியாக இருக்கலாம். அவன் ஒரு விலை சொல்வான். மற்றவர்கள் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். நான் பத்து ஏலத்தில் அப்படிப் பாக்கெட்டில் கைவிட்டு நின்றிருக்கிறேன், எனக்கும் நிலம் வேண்டியிருந்தும். இத்தனை நாள் செய்ததற்கெல்லாம் ஆர்லீன் நன்றி காட்டுகிறாள் என்று நினைத்தேன். இனிமேல் ஏலத்தில் எனக்கு எதிராக ஒரு கைகூட எழாது.

நேற்றுக் காலை அமெரிக்கன் லீஜன் மண்டபத்தில் உட்கார இடமில்லை. நீங்களும் பின்வரிசையில் இருந்தீர்கள், சீருடை இல்லாமல். நிலம் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஆர்லீன் முன்வரிசையில். என் ஒரு பக்கம் ஓரின் பாக்கி. ஏலக்காரர் ஹார்வி நிலத்தைப் பற்றிப் படித்துவிட்டு, "யாருப்பா ஆரம்பிக்கறது?" என்றார்.

நான் ஒரு விலை சொன்னேன். பல் டாக்டர்கள் சொன்னதில் பாதிகூட இருக்காது. ஆனால் ஒரு விவசாயி கொடுக்கக்கூடிய விலை.

ஹார்வி சுற்றிலும் பார்த்தார். "வேற யாராச்சும்?" எல்லார் கையும் பாக்கெட்டில். ஓரின்கூடக் கோட்டுப் பைக்குள் கைவிட்டுக்கொண்டு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாரும் இல்லையா? சரி, ஆர்லீன், உங்களுக்குச் சம்மதமா?" என்று ஹார்வி கேட்டார். அது ஒரு மரியாதைக்குக் கேட்கிற கேள்வி.

அவள் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திரும்பி எல்லாரையும் பார்த்து நின்றாள்.

"எங்க வீட்டு வயரெல்லாம் பழசு. அது உங்களுக்கும் தெரியும், உங்க வீட்லயும் அப்படித்தான். குதிர் மோட்டாரைப் போட்டா பாத்திரம் கழுவற எடத்துல இருக்கற விளக்கு ஒரு நிமிஷம் மங்கும்" என்றாள். "அன்னைக்கு டுவேன் ஏணியில ஏறி உள்ள இறங்கறதை ஜன்னல்ல பாத்தேன். அவர் இறங்கினதுக்கு அப்புறம்தான் விளக்கு மங்குச்சு. சரி, கட்டி உடைஞ்சிடுச்சு, ஏறி வந்துட்டாரு போலன்னு நினைச்சு மூணு தட்டு எடுத்து வச்சேன். வெர்லின் வந்து மோட்டார் ஓடவே இல்லைன்னாரு. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு இருந்தேன். கிணத்து மோட்டாரைப் போட்டுப் பாத்தேன், மங்கல. கொட்டகை மோட்டாரைப் போட்டுப் பாத்தேன், மங்கல. போன மாசம் வெர்லின் கையாலயே குதிர் மோட்டாரைப் போடச் சொன்னேன். ரெண்டு தடவை போட்டாரு. ரெண்டு தடவையும் மங்குச்சு."

ஹார்வி பக்கம் திரும்பினாள்.

"அவ்வளவுதான். நீங்க ஏலத்தை நடத்துங்க ஹார்வி."

உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குதிர் இருக்கிறது, ஒரு பழைய வயர் இருக்கிறது, சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறான். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

முதலில் ஓரின்தான். கோட்டுப் பையிலிருந்து கையை மெல்ல வெளியே எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார். காது கேட்காமல் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்து அவர் பக்கம் குனிந்தேன்.

"ஓரின், உங்களுக்கு எதுக்கு நிலம்?" என்றேன்.

"எனக்கு வேண்டாம்" என்றார் சத்தமாக. "உனக்குப் போகக் கூடாது."

நான் என் விலையை ஏற்றினேன். அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஆர்லீன் சொல்வது பொய் என்று கத்தியிருக்கலாம். எழுந்து வெளியே போயிருக்கலாம். எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. நிலம் கையை விட்டுப் போகிறது என்பது மட்டும்தான் தோன்றியது. அடுத்து என் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. பிறகு கதவுப் பக்கத்திலிருந்து. பிறகு எங்கே பார்த்தாலும் கை. சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள், என் டிராக்டரை இரவல் வாங்கியவர்கள். நான் ஏற்ற ஏற்ற அவர்கள் ஏற்றினார்கள். பல் டாக்டர்கள் சொன்ன விலையைத் தாண்டியது. என் மேற்கு வயலையும் கிழக்கு வயலையும் விற்றாலும் கட்ட முடியாத இடத்துக்குப் போயும் நான் கையை இறக்கவில்லை. கடைசியில் ஹார்வி என் கையைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு, ஓரின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். இந்த மாவட்டத்தில் ஒரு ஏக்கர் இதுவரை அந்த விலைக்குப் போனதில்லை. ஆர்லீனுக்கு நல்ல பணம் வரும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அதன் பிறகுதான் நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

சரி. அந்தக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள்.

மோட்டாரை அணைத்தது உண்மை. டுவேன் ஏறி உள்ளே போனதும் உண்மை. உள்ளே குத்துகிற சத்தம் கேட்டது. ஏதோ கிண்டலாகப் பாடிக்கொண்டே குத்தினான். பிறகு பாட்டு நின்றது. "டேய் வெர்லின், இளகிடுச்சுடா. முட்டி வரைக்கும் எறங்கிட்டேன், காலை எடுக்க முடியல. அந்தக் கயித்தை எடுத்துக்கிட்டு மேல வா" என்றான். பயந்த குரல் இல்லை. நான் வருவேன் என்று தெரிந்த குரல்.

கயிறு சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. நான் கயிற்றைப் பார்த்தேன். அப்புறம் அவன் வயலைப் பார்த்தேன். சோளம் அன்றைக்கு ஆள் உயரத்துக்கு மேலே, இலை கருத்து, காற்றே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு அழகு. அதை ஒரு பல் டாக்டர் வாங்கப் போகிறான்.

சுவிட்சை நான்தான் போட்டேன். கை தவறவில்லை. தெரிந்துதான் போட்டேன்.

அவன் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டான். முதல் தடவை, நிறுத்தச் சொல்லி. நான் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அப்படி நினைக்கவில்லை. அதன் பிறகு தகரத்தில் சோளம் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். லாரியில் புதிதாக விழுந்த சோளம் தனியாகத் தெரியாதபடி கையால் மட்டம் செய்துவிட்டு, வீட்டுக்குள் போய் ஆர்லீனிடம் சொன்னேன். மேஜையில் மூன்று தட்டு இருந்ததை நானும் பார்த்தேன். ஏன் மூன்று என்று நான் யோசிக்கவில்லை.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். செய்ததை இல்லை என்று சொல்கிற ஆள் நான் இல்லை. டுவேனை நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடுவதில்லை, கேண்டஸ். அவன் போகிறேன் என்று கிளம்பிவிட்டவன். நான் இருக்கிறேன் என்று இருந்தவன். நிலத்துக்கு யார் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

நேற்று ராத்திரி முழுக்க நான் கண்ணை மூடாததற்குக் காரணம் வேறு. ஒன்றாக வளர்ந்தவர்கள், ஒரே சர்ச்சில் முழங்கால் போட்டவர்கள், பக்கத்து வயல்காரன் ஒருத்தன் ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட நிலத்துக்கு எதிராக, அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, கொஞ்சம்கூடக் கூசாமல் கையைத் தூக்கினார்கள். அக்கம்பக்கத்தில் வாழ்கிற மனுஷர்கள் ஒருத்தருக்கொருத்தர் செய்கிற காரியமா இது?